அப்பாவுக்கு எந்த ஷிப்ட்?

தனபாக்கியத்துக்கு அந்த பிளாக்கில் இன்னொரு பெயர் உண்டு. சி.ஐ.டி. அம்மா. நேரில் யாரும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். பால்காரர் அளந்து ஊற்றும்போது அவள் பாலைப் பார்க்க மாட்டாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். தண்ணீர் கலந்தவன் முகம் தனியாகத் தெரியும் என்பது அவள் கட்சி. கேபிள்காரர், காஸ் அடுப்பு சோதிக்க வருகிறவர், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வரும் டீச்சர் எல்லோருக்கும் கம்பிக் கதவுக்கு வெளியேதான் இடம். டீச்சருக்கு மட்டும் தண்ணீர் உண்டு, அதுவும் கம்பி வழியாக.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாடசாமிக்குக் கழுத்தை நீட்டி நெய்வேலிக்கு வந்தபோது ஊரில் எல்லோரையும் நம்புகிற பெண்ணாகத்தான் வந்தாள். மாடசாமிக்கு மைன்ஸில் கன்வேயர் வேலை, பர்மனென்ட். கொடுத்த குவார்ட்டர்ஸுக்கும் அடுத்த குவார்ட்டர்ஸுக்கும் எண்ணைத் தவிர வித்தியாசமே கிடையாது. அதே பச்சைக் கதவு, அதே கம்பி, அதே வாசல் படி. வந்த புதிதில் ஒரு நாள் காலை, நைட் ஷிப்ட் முடித்த ஒரு மனிதர் நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டே பூட்ஸைக் கழற்றி, "காப்பி கொண்டா" என்றார். அவர் பின்தெருக்காரர். தூக்கக் கலக்கத்தில் ஒரு தெரு முன்னாலேயே திரும்பிவிட்டார். பிளாக்கே ஒரு வாரம் சிரித்தது. தனபாக்கியம் சிரிக்கவில்லை. அவருக்கு முன்னால் கதவைத் திறந்து வைத்திருந்தது தான்தானே என்று அவளுக்குள் ஒன்று குறுகுறுத்தது.

அந்த வருடமே சிலிண்டர் போயிற்று. சைக்கிளில் வந்த ஒருவன், மாடசாமி சார் அனுப்பினார், கேட் பக்கம் காஸ் வண்டி நிற்கிறது, காலி சிலிண்டரை வாங்கி வரச் சொன்னார் என்றான். சாரின் முழுப் பெயர் சொன்னான். ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருக்கிறார் என்றான். காலையில் கேரியரில் கொடுத்துவிட்டது லெமன் சாதம் என்பதுவரை சொன்னான். அவளே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். போனவன் போனவன்தான்.

"இவ்வளவும் தெரிஞ்சவன் எப்படித் திருடனா இருப்பான்னு நினைச்சேன்" என்று அழுதாள். மாடசாமி நிதானமானவர். டவுன்ஷிப்பில் ஒருவனுக்கு என்ன ஷிப்ட் என்று கண்டுபிடிக்க மந்திரமா வேண்டும் என்று கேட்டார். உண்மைதான். நைட் ஷிப்ட் வீட்டைப் பகலில் பார்த்தாலே தெரியும். ஜன்னல் சாத்தியிருக்கும், மிக்ஸி ஓடாது, பிள்ளைகள் கிசுகிசுவென்று பேசும். பக்கத்து வீட்டார் சாயங்காலம்வரை பெல் அடிக்க மாட்டார்கள். எழுதி வைக்காத சட்டம் அது. ஷிப்ட் மாறும் முறையும் எல்லோருக்கும் அத்துப்படி. போன வாரம் தெரிந்தால் இந்த வாரத்தைச் சொல்லிவிடலாம்.

அன்றைக்குத்தான் இருவரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். யார் வந்து "சார் அனுப்பினார்" என்றாலும் தனபாக்கியம் கேட்பாள்: "அவருக்கு எந்த ஷிப்ட்?" மாடசாமி நிஜமாகவே சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆளாக இருந்தால் "லீவு" என்பான். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று சரியாகச் சொல்கிறவன் எவனோ விசாரித்துக்கொண்டு வந்தவன். அவனுக்குக் கதவு இல்லை.

மகள் சண்முகப்ரியா வளர்ந்ததும் அவளுக்கும் இதே பாடம். ஒரு மழை நாளில் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர மாடசாமியின் கூட்டாளி வேணு போனார். அவசரத்தில் மாடசாமி அந்த லீவு விஷயத்தை அவரிடம் சொல்ல மறந்துவிட்டார். நாலாவது படிக்கிற பெண் கேட்டில் நின்று, "அப்பாவுக்கு எந்த ஷிப்ட் அங்கிள்?" என்று கேட்க, வேணு பாவம் யோசித்து, "ஃபர்ஸ்ட் ஷிப்ட்தாம்மா" என்றார். ப்ரியா திரும்பி வாட்ச்மேன் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வேணு சொட்டச் சொட்ட நனைந்து தனபாக்கியத்தை அழைத்துப் போக வீட்டுக்கு வந்தார். "உங்க வீட்டுல உண்மையைப் பேசுறவனுக்கு மரியாதையே கிடையாதாம்மா?" என்று இன்றைக்கும் கேட்பார். தனபாக்கியத்துக்கு அது குறையாகப் படவில்லை. பெண் பிழைத்துக்கொள்வாள் என்று தெம்புதான் வந்தது.

அந்தப் பெண் இப்போது அயர்லாந்தில் கார்க் என்கிற ஊரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். விமான நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனபாக்கியம் கடைசியாகக் கேட்டதும் அதுதான். "அப்பாவுக்கு எந்த ஷிப்ட்?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு "லீவு" என்றாள். பக்கத்திலேயே மாடசாமி நிஜமாகவே லீவில் நின்றுகொண்டிருந்தார்.

பெண் போன பிறகு தனபாக்கியத்தின் காவல் வேலை இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஆயிற்று. தினம் வீடியோ காலில் பெண்ணைப் பார்ப்பதைவிட அவள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான் அதிகம் பார்த்தாள். அந்த ஜன்னலுக்குக் கொக்கி இருக்கிறதா? காதில் மாட்டிக்கொண்டு ரோட்டில் நடக்காதே, பின்னால் வருகிற காலடி கேட்காது. வழி பார்க்கப் போனைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்காதே, வெளியூர்க்காரி என்று நீயே போர்டு மாட்டிக்கொண்ட மாதிரி. பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கட்டும், பையில் நகல் போதும். என் நம்பரை மனப்பாடமாகச் சொல்லு, பார்க்காமல். ப்ரியா சலிப்போடு ஒப்பிப்பாள். கல்லூரியில் முதல் வாரமே ஒரு போலீஸ்காரம்மா வந்து இதையேதான் சொன்னாள் என்றாள்.

"அவ நிஜப் போலீஸ்தானா?" என்று கேட்டாள் தனபாக்கியம்.

அவளுடைய சந்தேகத்தில் முதல் இடம் லாரிசாவுக்கு. ப்ரியாவோடு வீட்டைப் பங்கிட்டுக்கொண்ட பிரேசில் நாட்டுப் பெண். கையில் பச்சை குத்தியிருந்தாள். சாயங்காலம் கிளம்பிப் போய் விடிந்தபின் வந்து படுக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை என்று ப்ரியா சொன்னாள். நீ நேரில் போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள் தனபாக்கியம். ராத்திரியெல்லாம் வெளியே இருந்துவிட்டு விடியக்காலையில் வருகிற வேலை என்ன வேலை?

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாடசாமி சொன்னார்: "நானும் இருபத்தெட்டு வருசமா அப்படித்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

 தனபாக்கியம் லாரிசாவின் நம்பரை மகளிடம் அடம்பிடித்து வாங்கி, சமையலறைக் காலண்டரின் கீழ் ஓரத்தில் எழுதி வைத்தாள். ஏதாவது ஆகிவிட்டால் போலீசுக்குக் கொடுக்க ஒரு துப்பு வேண்டாமா?

இதற்கிடையில் மந்தாரக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சிங்காரவேலுக்கு நடந்த கதை வந்தது. கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு அம்சவல்லி. சிங்காரவேலின் மகன் கனடாவில். ஒரு நாள் வெளிநாட்டு நம்பரிலிருந்து மகன் அழுகிறான், போலீஸ் பிடித்துவிட்டது, காப்பாற்று என்கிறான். மனுஷன் கடையைக்கூடப் பூட்டாமல் ஓடிப் பணத்தை அனுப்பிவிட்டார். பிறகு பார்த்தால் மகன் அங்கே போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறான். குரலை மட்டும் எவனோ கம்ப்யூட்டரில் செய்திருக்கிறான்.

"அப்படியே அவன் கொரலாம் அக்கா. பெத்தவருக்கே தெரியல. அழுதுகினே பேசுச்சாம்" என்றாள் அம்சவல்லி. அன்றிலிருந்து தெரியாத நம்பர் எதைப் பார்த்தாலும் தனபாக்கியத்துக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துகொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மார்கழிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. முறைப்படி மாடசாமிக்கு நைட் ஷிப்ட் வாரம். ஆனால் வேணு தன் மாமியாரைப் பகலில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றிக்கொண்டார். வேணு நைட், மாடசாமி செகண்ட். வண்டி பஞ்சர் என்று வாசலிலேயே நிற்க, மாடசாமி மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெருமுனையில் பஸ் ஏறிப் போனார். தனபாக்கியம் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து உட்காரும்போது போன் அடித்தது. நீளமான நம்பர், வெளிநாடு. ப்ரியாவின் நம்பர் இல்லை.

எடுத்தாள். பேசவில்லை. முதலில் எதிராளி பேசட்டும் என்பது அவள் வழக்கம்.

"அம்மா... நான்தாம்மா." அழுகைக் குரல். பின்னால் காற்றும் வண்டிகள் போகும் சத்தமும். "என் போனைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்கம்மா. பையும் போச்சு, சாவி அதுலதான் இருக்கு. தள்ளிவிட்டதுல கீழ விழுந்துட்டேன், காலை ஊன முடியல. பாலத்தாண்ட சர்ச் பஸ் ஸ்டாப்ல இருக்கேன். ஒருத்தர் போனை வாங்கிப் பேசுறேன். லாரிசா நம்பரைச் சொல்லும்மா."

குரல் ப்ரியாவுடையதுதான். அதுதான் அவளை உஷாராக்கியது. சிங்காரவேலுக்கும் பிள்ளை குரல்தானே வந்தது. அதுவும் எடுத்த எடுப்பில் இன்னொருத்தி நம்பரைக் கேட்கிறது.

"அப்பாவுக்கு எந்த ஷிப்ட்?" என்றாள்.

 "என்னம்மா?"

"அப்பாவுக்கு எந்த ஷிப்ட்னு கேட்டேன்."

"செகண்ட் ஷிப்ட்மா, இப்பதான் போயிருப்பாங்க. நம்பரைச் சொல்லும்மா, இவருக்கு பஸ் வந்துரும்."

தனபாக்கியம் போனை வைத்துவிட்டாள்.

உள்ளுக்குள் ஒரு வெற்றி. சிலிண்டர்காரனும் இப்படித்தான் ஷிப்டைச் சரியாகச் சொன்னான். மறுபடி அதே நம்பர் அடித்தது. அவள் தொடவில்லை. இன்னொரு முறை அடித்து நின்றது. ஒரு உறுதிக்காக ப்ரியாவின் நம்பருக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வகுப்பில் இருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். வகுப்பில் இருந்தால் அணைப்பாளா, சத்தத்தை மட்டும் நிறுத்துவாளா என்று ஒரு கேள்வி வந்தது. அதைத் தள்ளிவிட்டு, அடுப்பு மேடையை ஏற்கெனவே துடைத்திருந்தாலும் இன்னொரு தரம் துடைத்தாள்.

பின்பக்கக் கதவை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோலத் தட்டினார்கள். அம்சவல்லி. கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. குரலைத் தாழ்த்தி, "அண்ணன் தூங்கினு இருப்பாருன்னு பெல்லு அடிக்கலக்கா. எங்க வூட்டு மரத்தை வெட்டினாங்க, அதான் கீரை" என்றாள்.

"அவரு எங்க தூங்குறாரு?"

"இந்த வாரம் நைட்டு தானே? வண்டியும் வாசல்ல நிக்குது. நானே காலையிலேருந்து மிக்ஸி போடாம அம்மியில அரைச்சினு இருக்கேன்."

தனபாக்கியம் கீரையை வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.

அடுத்த வீட்டுக்காரிக்கே தெரியவில்லை. மிக்ஸியைக்கூட நிறுத்திவைத்து அக்கறையாகக் கணக்குப் பார்க்கிறவளே நைட் என்கிறாள். பிளாக்கில் யாரை விசாரித்திருந்தாலும் நைட் என்றுதான் சொல்லியிருப்பார்கள். விசாரித்துக்கொண்டு வந்த திருடன் நைட் என்றுதான் சொல்லுவான். செகண்ட் என்பது வேணுவுக்குத் தெரியும், இவளுக்கும் மாடசாமிக்கும் தெரியும். ப்ரியாவிடம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மாடசாமியே சொன்னார். அப்போது ப்ரியா, "அப்ப இந்த வாரம் நான் காலேஜ் போறப்ப கூப்பிட்டா அப்பா இருக்க மாட்டாங்களா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

திருடனுக்கு இது தெரியாது. அடிபட்டுக் கிடக்கிறபோது, அம்மா கேட்டாள் என்பதற்காக அப்பாவின் ஷிப்டை யோசித்துச் சரியாகச் சொல்லப் பெற்ற பெண்ணால்தான் முடியும்.

"அம்சா, நான் போனை வச்சுட்டேன்டி" என்றாள்.

அம்சவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. தனபாக்கியம் விளக்கவும் இல்லை. வந்த நம்பரையே திருப்பி அழுத்தினாள். வயதான ஆண் குரல். பஸ்ஸுக்குள் இருப்பதுபோல ஒரே இரைச்சல். "கேர்ள்? வேர் கேர்ள்?" என்று கேட்டாள். அவர் சொன்னதில் பாதி காற்றோடு போயிற்று. சாரி என்றார், பஸ் என்றார், சர்ச் என்றார். அவர் ஏறிப்போய்விட்டார், பெண் அங்கேயே இருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குப் பிடிபட்டது. அப்போதும்கூட, இந்த ஆள் யாரோ, போனைப் பறித்தவனுக்கே கூட்டாளியோ என்று ஓரத்தில் ஒன்று ஓடத்தான் செய்தது.

காலண்டரில் இருந்த நம்பரைப் போட்டாள். அடித்தது. அடித்து ஓய்ந்தது. அந்தப் பெண் இப்போதுதான் வந்து படுத்திருப்பாள். நைட் ஷிப்ட் முடித்தவரின் முதல் தூக்கம் எப்படிப்பட்டது என்று தனபாக்கியத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூக்கத்தைக் காப்பதற்காக இருபத்தெட்டு வருடம் குக்கரில் விசில் வராமல் சமைத்தவள் அவள். வாசலில் பெல் அடித்த பிள்ளைகளைத் துரத்தியவள். இப்போது அவளே விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஓய ஓய மறுபடி போட்டாள்.

கடைசியில் கரகரவென்று ஒரு குரல் கேட்டது.

"லாரிசா? ப்ரியா மதர். இந்தியா. நோ ஸ்லீப், நோ ஸ்லீப்." மூச்சு வாங்கியது. "ப்ரியா போன் தீஃப். பேக் தீஃப். ஃபால். லெக் பெய்ன். சர்ச் பஸ் ஸ்டாப். பிரிட்ஜ். யூ கோ. ப்ளீஸ், யூ கோ."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. "சர்ச், பிரிட்ஜ். ஓகே. ஐ கோ, மம்மா. ஐ கோ நௌ."

போனை மடியில் வைத்துக்கொண்டு தனபாக்கியம் தரையில் உட்கார்ந்தாள். மாடசாமிக்குச் சொல்ல முடியாது. கன்வேயர் பக்கத்தில் இருந்தால் எடுக்க மாட்டார். அம்சவல்லி கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டுவிட்டு, போகாமல் எதிரே உட்கார்ந்து கீரையை முறத்தில் கொட்டினாள். இரண்டு பேரும் உருவ ஆரம்பித்தார்கள்.

"போவாளா, திரும்பிப் படுத்துடுவாளா?" என்றாள் தனபாக்கியம்.

"விடியக்காலையில வர்றவ, நல்லவளா இருக்க மாட்டான்னு நீ சொன்னியே, அந்தப் பொண்ணா?"

"அவதான்."

"ஒன்னைய மம்மான்னு கூப்புட்டுச்சே" என்றாள் அம்சவல்லி. அதற்குமேல் குத்தவில்லை. காம்புகளைத் தனியாக ஒதுக்கினாள்.

கீரை முழுவதும் உருவி முடிந்து, பூச்சி அரித்த இலைகளைக்கூடப் பொறுக்கி எடுத்த பிறகுதான் போன் வந்தது. லாரிசாவின் நம்பர், வீடியோ. திரையில் ப்ரியா. முகவாயில் சிராய்ப்பு. தோளில் தனக்குப் பொருந்தாத ஒரு பெரிய கோட்டு. பின்னால் இரவு உடையோடு, தலை கலைந்து நின்றவள் லாரிசா. எதுவும் சொல்லுவதற்கு முன் ப்ரியா சொன்னாள்:

"லீவு."

தனபாக்கியம் போனை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"அப்பா லீவு. போதுமா? இப்பவாவது வைக்காம பேசுவியா?"

"காலை நீட்டிக் காட்டு. வீங்கியிருக்கா?"

"ஏம்மா வச்ச? அந்தத் தாத்தா ஒரு பஸ்ஸை விட்டுட்டு எனக்காக நின்னாரு. நீ வச்சிட்டன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. எங்கம்மாவுக்குக் காது கேக்காதுன்னு சொன்னேன்."

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். நீ உண்மையைச் சொன்னாய், அதனால் வைத்தேன் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? "லாரிசாகிட்டக் குடு" என்றாள். அவள் முகம் வந்ததும், சொல்ல வந்தது எதுவும் இங்கிலீஷில் வரவில்லை. "ஸ்லீப். நௌ ஸ்லீப்" என்றாள். லாரிசா சிரித்தாள். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ், அப்புறம்தான் தூக்கம் என்று விரல் விட்டுக் காட்டினாள்.

மாடசாமி வேலை முடித்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். தட்டில் கீரையைப் பிசைந்தபடி, "வேணு அன்னைக்கே சொன்னான்" என்றார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

இப்போது கேள்வியை மாற்றியிருக்கிறார்கள். ஒரே கேள்வி கூடாது, பதில் தப்பானால் உடனே வைக்கக் கூடாது, இன்னொன்று கேட்க வேண்டும் என்பது ப்ரியா போட்ட நிபந்தனை. அந்தக் கேள்விகள் என்னவென்று அம்சவல்லி பலவிதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். தனபாக்கியம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். பிளாக்கில் அவள் பெயரும் மாறவில்லை, பால்காரரின் முகத்தைப் பார்ப்பதும் நிற்கவில்லை. தாத்தா பஸ்ஸைத் தவறவிட்டு நின்றதற்கு வேறு காரணம் இருக்குமோ என்று இரண்டு முறை ப்ரியாவிடம் விசாரித்தும்விட்டாள்.

காலண்டரில் மட்டும் ஒரு மாற்றம். மாடசாமியின் ஷிப்டைக் குறிக்கும் கட்டத்துக்குள், அதற்குக் கீழே, சின்னதாக இன்னொரு ஷிப்டும் எழுதுகிறாள். எந்த நேரத்தில் கூப்பிட்டால் அந்தப் பெண்ணின் தூக்கம் கெடாது என்று தெரிய வேண்டும் அல்லவா?

"லாரிசாவுக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட்?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"லீவு" என்றாள் ப்ரியா, முகத்தை அசைக்காமல்.

"நிஜமாத்தான்டி கேக்குறேன்."

"நைட்டும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும்."

தனபாக்கியம் எழுதிக்கொண்டாள். போனை வைத்து, அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. முதலில் லீவு என்றவள் மறுபடி கேட்டவுடனே நைட் என்றாளே, நிஜமாகத்தான் சொன்னாளா?